பெம்ப்ரோக்‌ஷயர் கடலோரப் பாதை: பெட்டியை முன்னே அனுப்புவதா, முதுகில் சுமப்பதா, ஓரிடத்தில் தங்கிப் போய்வருவதா?

வழிகாட்டியும் வேண்டாம், குழுவும் வேண்டாம், ஒரு வாரம் கடலை ஒட்டியே நம் வேகத்தில் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் பலர், அதற்கு அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். பாதை எது என்பதில் குழப்பமில்லை. அதை எந்த முறையில் நடப்பது என்பதில்தான் குழப்பம். வேல்ஸின் தென்மேற்கு மூலையில் உள்ள பெம்ப்ரோக்‌ஷயர் பாதையைப் பற்றி எழுதும்போதெல்லாம் வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி வருகிறது. அதனால் இந்த ஒரு பாதையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை நடக்கும் மூன்று முறைகளையும் ஒப்பிடுகிறேன்.

பாதையைப் பற்றிச் சுருக்கமாக: வடக்கே செயின்ட் டாக்மெல்ஸிலிருந்து தெற்கே ஆம்ரோத் வரை 186 மைல், அதாவது சுமார் 299 கி.மீ. 1970இல் திறக்கப்பட்டது. பெரும்பகுதி கடற்பாறைகளின் உச்சியிலேயே போகிறது. ஒவ்வொரு குடாவுக்கும் இறங்கி மறுபடி ஏற வேண்டியிருப்பதால், மொத்த ஏற்றம் 10,000 மீட்டரைத் தாண்டிவிடும். முழுவதையும் நடக்கப் பொதுவாக 10 முதல் 15 நாள் ஆகும். ஒரு வார விடுப்பில் வருபவர் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை பார்க்கலாம். கருவாலி (ஓக்) மரக் கொட்டைச் சின்னம் பொறித்த வழிக்கம்பங்கள் உண்டு, கடல் எப்போதும் ஒரே பக்கத்தில் இருக்கும். வழி தவறுவது அரிது. வழிகாட்டி இல்லாமல் நடக்கப் பொருத்தமான பாதை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

இயற்கை அழகை அளவுகோலாக வைப்பதில் பயனில்லை. எந்த முறையில் போனாலும் அதே பாறை, அதே கடல். விலையைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது.

முதல் கேள்வி இது: ஒரு நாள் கெட்டுப்போனால் என்ன ஆகும்? அட்லாண்டிக்கிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று கோடையிலும் இந்தக் கரையை விட்டுவைப்பதில்லை. பாறை உச்சியில் பலத்த காற்றோடு மழை சேர்ந்துவிட்டால், அங்கே நடப்பது ஆபத்து. வானிலை நன்றாக இருந்தாலும் குதிகாலில் கொப்புளம் வரலாம், முழங்கால் வீங்கலாம், உடன் வந்தவருக்கு இன்று முடியாமல் போகலாம். ஒரு வாரத்தில் இப்படி ஒரு நாளாவது வரும் என்று வைத்தே திட்டமிட வேண்டும். அந்த நாளை ஒரு முறை எவ்வளவு எளிதாகத் தாங்குகிறது என்பதே அதன் தரம்.

அடுத்தது மொத்தச் செலவு. விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகை அல்ல, ஊர் திரும்பிய பிறகு கூட்டிப் பார்க்கும் தொகை. மூன்றாவது உடல்மேல் விழும் சுமை. நான்காவது, கிளம்பும் முன் நாம் செய்ய வேண்டிய வேலை. ஐந்தாவதைப் பலர் சொல்வதில்லை, ஆனால் மனத்தில் வைத்திருக்கிறார்கள்: ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊர்வரை விடாமல் நடந்தே வந்தோம் என்ற நிறைவு.

## முறை 1: பெட்டி வண்டியில், நீங்கள் பாதையில்

தினமும் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடக்கிறீர்கள். காலையில் பெட்டியை விடுதி வாசலில் வைத்துவிட்டால், மாலையில் நீங்கள் போய்ச் சேரும் விடுதியில் அது இருக்கும். தோளில் தண்ணீர், மழைச்சட்டை, மதிய உணவு மட்டும். இதை மொத்தமாக ஏற்பாடு செய்துதரும் நிறுவனங்கள் உண்டு. அறைகளைப் பதிவு செய்து, வரைபடமும் வழிக்குறிப்பும் தந்து, அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண்ணும் கொடுப்பார்கள். அறைகளை நீங்களே பதிவு செய்துகொண்டு, பெட்டி எடுத்துச்செல்லும் சேவையை மட்டும் வாங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நேரம் இருப்பவர்கள் அப்படிச் செய்வதே சிக்கனம்.

நடக்கும் மகிழ்ச்சி இதில் முழுமையாகக் கிடைக்கிறது. தோள் லேசாக இருந்தால் கண் நிமிர்ந்து பார்க்கும். ஸ்ட்ரம்பிள் ஹெட் கலங்கரை விளக்கத்தைத் தூரத்தில் கண்டு, நெருங்கி, கடந்து, பிறகு திரும்பிப் பார்க்கும் அந்தத் தொடர்ச்சியும் இந்த முறையில்தான் வலியில்லாமல் வாய்க்கிறது.

செலவு ஒளிந்திருக்கும் இடங்களைச் சொல்கிறேன். வழியில் உள்ள சிற்றூர்கள் மிகச் சிறியவை. ட்ரெஃபின், மார்லோஸ், ஆங்கிள் போன்ற ஊர்களில் தங்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவை நிறைந்துவிட்டால் பாதையை விட்டு விலகி உள்ளே தங்க வேண்டும், மாலையும் காலையும் டாக்ஸி பிடிக்க வேண்டும். வார இறுதியில் குறைந்தது இரண்டு இரவு தங்கினால்தான் அறை என்று பல வீட்டு விடுதிகள் சொல்கின்றன. தினமும் நகர்பவருக்கு அந்த நிபந்தனை ஒத்துவராது. தனியாகப் போகிறவர் இருவர் அறைக்கு ஏறக்குறைய முழுக் கட்டணமும் கொடுக்க வேண்டியிருக்கும். இரவு உணவுக்கு ஊரில் ஒரே ஒரு மதுக்கூடம்தான் இருக்கும். அதன் சமையலறை சீக்கிரமே மூடிவிடும் என்பதால், தாமதமாக வந்து சேர்ந்தால் பட்டினிதான். சைவ உணவு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

முதல் அளவுகோலில் இந்த முறை தடுமாறுகிறது. எல்லா இரவுகளும் மாதக்கணக்கில் முன்பே பூட்டப்பட்டிருக்கின்றன. செவ்வாய்க்கிழமை புயல் அடித்தாலும் செவ்வாய் இரவுப் படுக்கை அடுத்த ஊரில்தான். பெட்டியும் அங்கே போய்விட்டது. அன்று நடக்க முடியாவிட்டால் பஸ் அல்லது டாக்ஸியில் போய்ச் சேர வேண்டும். விட்டுப்போன தூரத்தை மறுநாள் நடக்க வாய்ப்பில்லை, அது அப்படியே போனதுதான். இருவர் சேர்ந்து போகும்போது ஒருவருக்கு முடியவில்லை என்றாலும் இருவரும் நகர்ந்தே ஆக வேண்டும்.

இது பொருந்துவது: பத்து நாளுக்கு மேல் நேரம் உள்ளவர்களுக்கு, பாதை முழுவதையும், அல்லது ஒரு நீண்ட பகுதியை இடைவெளியில்லாமல் நடக்க விரும்புபவர்களுக்கு, நாளுக்கு 20 கி.மீ. மேடுபள்ளத்தில் நடந்து பழகியவர்களுக்கு.

## முறை 2: எல்லாம் முதுகில்

இதில் இரண்டு வகை. கூடாரம், படுக்கை, அடுப்பு எல்லாம் சேர்த்து 12 முதல் 15 கிலோ சுமப்பது ஒன்று. கூடாரம் இல்லாமல், மாற்றுடையும் அவசியப் பொருள்களும் மட்டும் ஆறேழு கிலோவில் அடக்கி, இரவில் விடுதியில் தங்குவது இன்னொன்று. இரண்டாவது வகையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு. பெட்டி அனுப்பும் செலவு மிச்சம். காலையில் இத்தனை மணிக்குள் பெட்டியை வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கூடாரம் என்றால் கட்டற்ற சுதந்திரம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேல்ஸில் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது, நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். நடைமுறையில் கூடாரத் திடல்களைத்தான் நம்பியிருக்கிறோம். அவற்றில் பல குளிர்காலத்தில் மூடிவிடும். திறந்திருக்கும் மாதங்களில், நடந்து வரும் ஒருவரின் சிறு கூடாரத்துக்கு மூலையில் இடம் கொடுக்கும் வழக்கம் உண்டு, என்றாலும் ஆகஸ்டில் அதை நம்பி இருட்டும் நேரத்தில் போய் நிற்கக் கூடாது.

சுமையின் உண்மையான விலை ஏற்றத்தில் தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும். குடாவுக்குள் இறங்கும் வழிகள் செங்குத்தானவை, சில இடங்களில் படிகள். ஒவ்வோர் இறக்கத்திலும் 14 கிலோவையும் சேர்த்து முழங்கால் தாங்குகிறது. சமதரையில் மணிக்கு 5 கி.மீ. நடப்பவர் இங்கே முழுச் சுமையோடு 3 கி.மீ. போனால் நல்ல வேகம். முதல் பகுதியே அதைச் சோதித்துவிடும். செயின்ட் டாக்மெல்ஸிலிருந்து நியூபோர்ட் வரை சுமார் 25 கி.மீ., பாதையின் மிகக் கடினமான பகுதிகளில் ஒன்று. பாதையின் மிக உயரமான இடமும் இதில்தான், கடல் மட்டத்திலிருந்து 175 மீட்டர். நடுவே கடை கிடையாது. சுமையோடு நடப்பவர் இந்தப் பகுதியை முதல் நாளில் வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தெற்கே ஆம்ரோத்திலிருந்து தொடங்கினால் கால் பழகிய பிறகு இங்கே வரலாம், வழக்கமாக வீசும் தென்மேற்குக் காற்றும் மேற்கு, வடக்குக் கரைகளில் பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருக்கும்.

இரவுக்கு இரவு பார்த்தால் இதைவிட மலிவான முறை இல்லை. ஆனால் காற்றைத் தாங்கும் கூடாரம், நல்ல முதுகுப்பை, படுக்கைப்பை எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமென்றால், ஒரே ஒரு பயணத்துக்கு அந்தக் கணக்கு கட்டிவராது. ஏற்கெனவே வைத்திருப்பவருக்கும், திரும்பத் திரும்பப் போகிறவருக்கும்தான் இது சிக்கனம். மழையில் நனைந்த கூடாரம் மறுநாள் கூடுதல் எடையாக முதுகில் ஏறும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்தால் மனம் விடுதி அறையைத் தேடும், அதுவும் செலவுதான்.

இது பொருந்துவது: வேறெங்காவது சுமையோடு பல நாள் நடந்து பழகியவர்களுக்கு, மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் தனியாகப் போகிறவர்களுக்கு, நாளின் முடிவில் எங்கே இருப்போம் என்பதைத் திறந்தே வைத்திருக்க ஆசைப்படுபவர்களுக்கு.

## முறை 3: ஓரிடத்தில் தங்கி, பஸ்ஸில் போய்வருவது

ஒரே ஊரில் வாரம் முழுக்கத் தங்குகிறீர்கள். தினமும் பாதையின் ஒரு துண்டை நடந்துவிட்டு இரவு அதே அறைக்குத் திரும்புகிறீர்கள். பல பாதைகளில் இது நடக்காது. இங்கே நடப்பதற்குக் காரணம், நடப்பவர்களுக்காகவே கடலோரச் சிற்றூர்களை இணைத்து ஓடும் சிறு பஸ்கள். கோடை மாதங்களில் அவை கூடுதலாக ஓடும். கிராமச் சாலைகளில் பல இடங்களில், நிறுத்தம் இல்லாவிட்டாலும் வண்டி பாதுகாப்பாக நிற்கக்கூடிய இடத்தில் நின்று கைகாட்டினால் ஏற்றிக்கொள்வார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காலையில் நடந்து போய் மாலையில் பஸ் பிடிக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். காலையிலேயே பஸ்ஸில் தூரத்து முனைக்குப் போய், அங்கிருந்து தங்கும் ஊரை நோக்கி நடந்து வாருங்கள். கடைசி பஸ் போய்விடுமோ என்ற பதற்றத்தோடு பாறை விளிம்பில் அவசரப்பட வேண்டியதில்லை. அபரெய்டி நீலக் குளத்தின் அருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் நம்மைக் கேட்க ஆளில்லை.

தங்க எந்த ஊர்? முதல் தடவை போகிறவர்களுக்கு என் பதில் செயின்ட் டேவிட்ஸ். பிரிட்டனில் நகரம் (city) என்ற தகுதி பெற்ற ஊர்களில் மக்கள்தொகையால் மிகச் சிறியது, இரண்டாயிரத்துக்குக் கீழே. அது ஒரு தீபகற்பத்தில் இருப்பதால் பாதை அதன் மூன்று பக்கமும் சுற்றிப் போகிறது. வடக்கே ஒயிட்சாண்ட்ஸிலிருந்து அபரெய்டி, போர்த்கைன் வரை. மேற்கே ராம்ஸி தீவைப் பார்த்தபடி செயின்ட் ஜஸ்டினியன்ஸ் வழியாக. தெற்கே சொல்வா, நியூகேல் வரை. பல நாளுக்குத் தேவையான நடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தெற்குப் பகுதிதான் வேண்டுமென்றால் டென்பி. அங்கே ரயிலும் உண்டு.

கெட்ட நாளை இந்த முறை தாங்குவதுபோல மற்ற இரண்டும் தாங்குவதில்லை. மழை என்றால் அன்று ஓய்வு, மறுநாள் அதே துண்டை நடக்கலாம். காற்று தென்மேற்கிலிருந்து அடித்தால், அன்று காற்று அதிகம் படாத கரையைத் தேர்ந்தெடுக்கலாம். வலு குறைந்தவர் பாதி வழியில் பஸ் ஏறிவிட, மற்றவர் மீதியை நடந்து வரலாம். சேர்ந்து பயணம் செய்யும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை விலைப்பட்டியலில் காட்ட முடியாது. சமையலறையுடன் கூடிய வீடு எடுத்தால் உணவுக் கவலையும் தீர்ந்தது.

குறைகளும் உண்டு, சிறியவை அல்ல. தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் பஸ்ஸுக்கும் காத்திருப்புக்கும் போகும். உச்சக் கோடையில் விடுமுறை வீடுகளை முழு வாரக் கணக்கில்தான் தருவார்கள். ஐந்து நாள் தங்கினாலும் ஏழு நாளுக்குக் கொடுக்க வேண்டும். குளிர்காலத்தில் கடலோர பஸ்கள் வாரத்தில் சில நாள்களுக்குச் சுருங்கிவிடும், கால அட்டவணையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அறையைப் பதிவு செய்வதற்கு முன்பே அந்த ஆண்டின் அட்டவணையைப் பாருங்கள். வண்டிகள் சிறியவை என்பதால் ஆறேழு பேர் சேர்ந்து வந்தால் சிக்கல். கடைசியாக, புறப்பட்டுப் போய்க்கொண்டே இருக்கும் அந்த நிறைவு இதில் கிடைக்காது. அது இல்லாமல் நடைப்பயணமே இல்லை என்று நினைப்பவர் இதைத் தேர்ந்தெடுத்தால் வாரம் முழுக்க மனக்குறையோடு இருப்பார்.

இது பொருந்துவது: முதல் தடவை பல நாள் நடப்பவர்களுக்கு, வலு வேறுபட்ட துணைகளோடு போகிறவர்களுக்கு, ஒரு வாரமோ அதற்குக் குறைவாகவோ நேரம் உள்ளவர்களுக்கு. பஸ்கள் கூடுதலாக ஓடும் கோடை மாதங்களில் மட்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பெட்டியை அனுப்பி | முதுகில் சுமந்து | ஓரிடத்தில் தங்கி |
|---|---|---|---|
| கெட்ட நாள் வந்தால் | பஸ் அல்லது டாக்ஸியில் அடுத்த ஊர்; அன்றைய துண்டு போய்விடும் | தங்குமிடம் கிடைத்தால் நின்றுவிடலாம்; நனைந்தால் சுமை கூடும் | ஓய்வெடுத்து மறுநாள் நடக்கலாம் |
| செலவு | மூன்றிலும் அதிகம் | உபகரணம் இருந்தால் மிகக் குறைவு | நடுத்தரம். உச்சக் கோடையில் ஏறும் |
| ஒளிந்திருக்கும் செலவு | தனி நபர் கூடுதல் கட்டணம், டாக்ஸி | உபகரணம், மழை இரவில் விடுதி அறை | முழு வார வாடகை, பஸ்ஸில் போகும் நேரம் |
| உடல்மேல் சுமை | குறைவு. ஆனால் தினசரி தூரம் கட்டாயம் | அதிகம். குறிப்பாக முழங்கால் | குறைவு. தூரம் நம் விருப்பம் |
| முன்வேலை | நிறுவனம் செய்தால் குறைவு. நாமே செய்தால் மிக அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு |
| தொடர்ந்து நடந்த நிறைவு | முழுமை | முழுமை | இல்லை |

## பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

பெயர்க்குழப்பம் ஒன்று காத்திருக்கிறது. பெம்ப்ரோக்‌ஷயரில் உள்ள சிற்றூர் நியூபோர்ட் வேறு, வேல்ஸின் தென்கிழக்கில் உள்ள பெரிய நகரம் நியூபோர்ட் வேறு. பாதையிலேயே பிராட் ஹேவன் என்ற பெயரில் இரண்டு கடற்கரைகள் இருக்கின்றன: ஒன்று மேற்குக் கரையில், இன்னொன்று தெற்கே பாஷர்ஸ்டன் அருகே. ஊர்ப்பெயரை மட்டும் நம்பாமல் வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விசா தேவைப்படுபவர்கள், அது கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பதிவு செய்வது நல்லது.

மாதத்தைப் பொறுத்தவரை, மே முதல் ஜூன் வரை என் தேர்வு. பாறை உச்சிகளில் பூக்கள் நிறைந்திருக்கும், ஸ்கோமர் தீவில் பஃபின் பறவைகள் இருக்கும். ஜூலை முடிவதற்குள் அவை கடலுக்குத் திரும்பிவிடும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் குடாக்களில் சீல் குட்டிகளைப் பார்க்கலாம். மேலிருந்து மட்டும் பாருங்கள், கீழே இறங்கி நெருங்கினால் தாய் குட்டியை விட்டுப்போகும் அபாயம் உண்டு. ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக் காலம். மூன்று முறைகளின் மறைசெலவுகளும் அப்போது ஒன்றாக ஏறும்.

## தென்பகுதிக்குப் போகிறவர்களுக்கு

இரண்டு இடங்கள் எந்த முறையையும் மதிப்பதில்லை.

முதலாவது, டேல் ஊருக்கு அருகே உள்ள கேன், அதற்கு அப்பால் சாண்டி ஹேவன் என்ற இரு ஓடைமுகங்கள். கடல் வற்றியிருக்கும் சில மணி நேரத்தில் மட்டுமே இவற்றைக் கடக்க முடியும். தவறவிட்டால் முதலாவதற்குச் சுமார் 4 கி.மீ., இரண்டாவதற்குச் சுமார் 6 கி.மீ. சுற்ற வேண்டும். ஒரே வற்றத்துக்குள் இரண்டையும் கடப்பதென்றால், முதலாவதை அது திறந்த உடனேயே கடந்துவிட வேண்டும். காற்றைப் போலல்ல ஓதம் (கடல் ஏறுவதும் வற்றுவதும்), அதன் நேரம் மாதக்கணக்கில் முன்பே தெரியும். ஆகவே பெட்டி அனுப்பும் முறையில் தேதியைப் பூட்டுவதற்கு முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், பயணத்தை இரண்டு நாள் நகர்த்தினாலே நடுப்பகலில் கடக்க வழி பிறக்கலாம். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். கோடையில் அதனோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும்.

இரண்டாவது, காஸில்மார்ட்டின் ராணுவச் சுடுதளம். சுடும் பயிற்சி நடக்கும் நாள்களில் ஸ்டாக் ராக்ஸிலிருந்து செயின்ட் கோவன்ஸ் வரையிலான கடற்பாறைப் பகுதி மூடப்படும், சிவப்புக் கொடி பறக்கும். அப்போது கடலை விட்டு விலகி உட்புறச் சாலை வழியாகத்தான் போக வேண்டும். தெற்குக் கரையின் மிக அழகான துண்டு அதுதான். வார இறுதிகளில் பெரும்பாலும் திறந்திருக்கும் என்பதால், தினமும் நகர்பவர்கள் சனி அல்லது ஞாயிறு அங்கே இருக்கும்படி திட்டமிடலாம். ஓரிடத்தில் தங்குபவர்கள் சுடும் நேர அறிவிப்பைப் பார்த்துவிட்டு, திறந்திருக்கும் நாளில் போய்வரலாம். இவற்றுக்கு நடுவே, மில்ஃபோர்ட் ஹேவன் நீர்வழியை ஒட்டி எண்ணெய், எரிவாயு ஆலைகளுக்கு அருகே போகும் ஒரு நீண்ட பகுதி இருக்கிறது. முழுப் பாதையையும் நடந்து முடிக்கும் உறுதி உள்ளவர்கள் அதை நடக்கட்டும். ஒரே ஒரு வாரம் கையில் இருப்பவர்கள் அங்கே பஸ் ஏறிக்கொண்டு, மிச்சமாகும் நாளை வடக்கே செலவிடுங்கள்.